மூடாமல் விட்ட அடுப்பு

2012 செப்டம்பர் 19. அன்று காலை சுராகான் ஓர் அடுப்பை மூடாமல் மலையை விட்டு இறங்கினாள். அவளுடைய ஐம்பத்தோரு வயதில் அதுதான் முதல் தடவை.

கரா-கொக்தூ மேய்ச்சல் மலைக்குக் கோடையில் ஆடும் குதிரையும் ஓட்டிக்கொண்டு வருகிற குடும்பங்களில், அடுப்பு என்றால் சுராகான். தரையில் வறட்டி போட்டு எரிக்க ஒரு குழி. அதன் வாலாகப் புகை போக ஒரு குறுகலான வாய்க்கால். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு துளை. பார்க்க அவ்வளவுதான். ஆனால் காற்று எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து வாலைத் திருப்ப வேண்டும். மற்றவர்கள் வெட்டிய அடுப்பில் காய்ச்சினால் பால்கூடப் புகை நாறும். கல்யாணமோ சாவோ, பெரிய கொப்பரை ஏற வேண்டும் என்றால் ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவார்கள். அவள் தன் மண்வெட்டியோடு வருவாள். வேறு யார் மண்வெட்டியையும் தொடமாட்டாள்.

வெட்டுவதைவிட மூடுவதில்தான் அவளுக்கு இன்னும் பெரிய பெயர். ஜூனில் வந்ததும் மேல் புல்லைப் பாளம் பாளமாக அறுத்தெடுப்பாள். இங்கே புல் வேர் பின்னிப் பின்னி, கூடாரத்துக்குப் போர்த்துகிற ஆட்டுமயிர்க் கம்பளம் போலத் தடித்துக் கிடக்கும். இரண்டு ஆள் பிடித்து இழுத்தாலும் கிழியாது. அந்தப் பாளங்களைப் புல்லோடு புல் சேர்த்து நிழலில் அடுக்கி, தேநீர்ச் சட்டி கழுவிய தண்ணீரைத் தெளித்துக் கோடை முழுக்க உயிரோடு வைத்திருப்பாள். கறுப்பு மண் ஒரு குவியல். அதற்கடியில் வருகிற பழுப்பு மண் தனிக் குவியல். கிளம்புகிற நாளில் வெந்து சிவந்த அடித்தரையைக் கொத்தி உடைத்து, பழுப்பைக் கீழே, கறுப்பை மேலே போட்டு, பாளத்தைப் பொருத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு மிதிப்பாள். அடுத்த ஜூனில் அடுப்பு இருந்த இடத்தை அவளைத் தவிர வேறு யாராலும் காட்ட முடியாது.

"சுராகான் குடியிருந்துட்டுப் போன எடத்துல குதிரையோட கண்ணைக் கட்டி விரட்டலாம். ஒரு கால் இடறாது" என்பார் பக்கத்துக் கூடாரத்து ஒர்மோன். வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்வார்.

அந்தச் செப்டம்பர் காலையில் பனி முந்திக்கொண்டது. விடிவதற்குள் கூடாரத்தின் மேல் ஒரு சாண் வெள்ளை. கணவாய் அடைபட்டால் பத்து நாளைக்குத் திறக்காது. லாரி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"கிழவி, வா! அடுப்பு எங்கயும் ஓடிப்போகாது. லாரி போயிடும்!" என்று மாம்பெத் கத்தினான். முப்பது வருடமாக அவளைக் கிழவி என்று கூப்பிடுகிற புருஷன்.

மண் குவியல்கள் பனிக்கடியில் உறைந்திருந்தன. மண்வெட்டி கணீரென்று திரும்பியது. சுராகான் ஒரு பழைய கம்பளத் துண்டை எடுத்துக் குழியின் மேல் இறுக்கமாக விரித்து, நான்கு ஓரத்திலும் கல் வைத்தாள். வசந்தத்தில் வந்து மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு, மூடிவிட்டுத்தான் வந்தாள் என்று நினைத்த மாம்பெத்திடம்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வேறு மண்ணாக இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆற்றோரச் சதுப்பில் குழி வெட்டினால் குளிர்காலம் முடிவதற்குள் சுவர் சரிந்து தானே தூர்ந்துவிடும், அல்லது தண்ணீர் நின்று தூரத்திலிருந்தே பளபளக்கும். கரா-கொக்தூவின் மண் அப்படி இல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் எவ்வளவு பனி உருகினாலும் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் மேலே உட்காரலாம், பாவாடை ஈரமாகாது. கூடாரம் போட அதனால்தான் இந்தச் சரிவுக்கு இவ்வளவு போட்டி. வெட்டிய சுவர் வேர்களின் பிடியில் நிமிர்ந்து நிற்கும். சுராகானின் குழி பனியையும் வெயிலையும் தாண்டி, வெட்டிய அன்று இருந்த மாதிரியே, ஓர் ஓரம்கூட உதிராமல் காத்திருந்தது. அதன் மேல் கிடந்த கம்பளத்தில் காற்று புழுதியைத் தூவியது. புழுதியில் புல் முளைத்தது.

ஜூனில் திரும்பி வந்தார்கள். ஒரே இடத்தில் இரண்டு கோடை இருப்பதில்லை. புல் இளைப்பாற வேண்டும். இந்த வருடம் ஓடைக்கு இந்தப் பக்கம் கூடாரம். முதல் வாரம் சுராகான் பழைய இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தாள். கம்பளம் தரையோடு தரையாகப் பச்சை பூத்துக் கிடந்தது. அவளுக்கே இடம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. அப்போதே மூடியிருக்கலாம். ஆனால் சரிவு திறந்த வெளி. எந்தக் கூடாரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். போன வருட அடுப்பை இந்த வருடம் மூடுகிறாள் சுராகான் என்று ஒருத்தி பார்த்தால் போதும், மாலைக்குள் மலை முழுக்கச் சிரிப்பார்கள். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற வேலை முடியட்டும் என்று திரும்பிவிட்டாள். அது முடிந்தது. பிறகு மாம்பெத்துக்கு முழங்கால் வலி. பிறகு விருந்தாளிகள்.

ஜூலை நடுவில் ஒரு மதியம் ஆலங்கட்டி கொட்டியது. கூடவே மூடுபனி. ஒர்மோனின் புது மருமகள் ஜிபார், கிமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலுக்காகக் கறக்கும் நேரம் என்று, மேலே மேய்ந்த பெட்டைக் குதிரைகளைக் குட்டிகள் கட்டியிருந்த கயிற்றுக்கு ஓட்டிவரப் போயிருந்தாள். ஏப்ரலில் கல்யாணமாகி வந்த பெண். இருபது வயது. தலைத்துணி இன்னும் நெற்றியில் சரியாக உட்காராது.

குதிரைகள் திரும்பின. கடைசியாக, கூட்டத்துக்கு முன்னால் நடந்தே பழகிய சாம்பல் பெட்டை வந்தது. மூன்று காலில் வந்தது. நான்காவது கால் முழங்காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றில் கட்டியிருந்த அதன் குட்டி அம்மாவைப் பார்த்துக் கனைத்தது.

ஒர்மோன் வெறுந்தலையோடு ஆலங்கட்டியில் ஓடினார். காலைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். வேறு வழியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பிஸ்மில்லா சொல்லி அறுத்தார்கள்.

"எங்கடி வுட்ட அதை?" ஒர்மோனின் மனைவி பெர்மெத் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல... ஓடைக்கு அந்தப் பக்கம். சுராகான் பெரியம்மாவோட பழைய எடத்துல. நடந்துதான் வந்துச்சு அத்தை, நான் விரட்டல. திடீர்னு தரை வாயைத் தொறந்துச்சு."

"தரை வாயைத் தொறந்துச்சாம்! சுராகான் இருந்த எடத்துலயா? அங்க ஊசி விழக்கூட ஓட்டை கெடையாதுடி. மர்மோட்டு வளை இருக்கிற சரிவுல நாலுகால் பாய்ச்சல்ல விரட்டிட்டு வந்திருக்க. பொய் வேற சொல்ற."

சுராகான் அப்போது ஆலங்கட்டிக்காகக் கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து எல்லாம் கேட்டது. கையிலிருந்த முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி போட்டாள். அதுவும் அவிழ்ந்தது.

ஒரு முழுக் குதிரையின் கறி. மலையில் இருக்கிற அத்தனை கூடாரத்துக்கும் சொல்லி அனுப்ப வேண்டும், பெரிய கொப்பரை ஏற்ற வேண்டும். ஒர்மோன் தானே வந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு அடுப்பு வெட்டிக் குடு. பாவம், அந்த வாயில்லா சீவன் புகை நாத்தத்துலயா வேகணும்?"

சுராகான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கைக்குப் பழகிய வேலை. பாளத்தை அறுத்துப் புரட்டினாள். அடியில் வெள்ளை வேர்கள் பிய்ந்து தொங்கின. அதன் கீழ் கறுப்பு மண், சோளக் கூழைக் கிண்டி ஆறவைத்த மாதிரி உருண்டை உருண்டையாக, பிடித்தால் சேரும், விட்டால் உதிரும். சற்று முன் அவ்வளவு ஆலங்கட்டி கொட்டியும் ஒரு விரல் ஆழத்துக்குமேல் ஈரமில்லை. முழங்கை ஆழம் போன பிறகு பழுப்பு. இன்னும் கீழே போனால் சுண்ணாம்புப் பொட்டு தெறித்த வெளிறிய மண், அதற்கும் கீழே சரளை. அடுப்புக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். பூனை அளவு மலை அணில்களான மர்மோட்டுகள்தான் அதுவரை போகும். அவற்றின் வளை வாசலில் எப்போதும் அந்த வெளிறிய மண் கொட்டிக் கிடக்கும். தன் குழியை யாராவது எட்டிப் பார்த்தால், வளை இல்லை என்று மண்ணின் நிறமே சொல்லிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

பெர்மெத் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இருவரும் ஒரே வருடம் இந்த மலைக்கு மருமகளாக வந்தவர்கள்.

"பாரு சுராகான், இவ வந்ததுலேருந்து ஒண்ணும் வெளங்கல. ஏப்ரல்ல வந்தா, மே மாசம் பசு கன்னைப் போட்டுடுச்சு. போன வாரம் கிமிஸ் தோல்பை கிழிஞ்சு அத்தனையும் தரையில. இப்ப சாம்பல் போச்சு. என் மாமியார் இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாங்க. ராசியில்லாத காலு."

"பை கிழிஞ்சது எலி கடிச்சதாலன்னு நீதானே சொன்ன?"

"எலி எதுக்கு இந்த வருஷம் கடிச்சுது? போன வருஷம் கடிக்கலையே?"

ஜிபார் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். மாமியார் கறி வெட்டுகிற இடத்துக்கு எழுந்து போகும்வரை தலைகுனிந்து நின்றாள். பிறகு சுராகானிடம் மெல்லச் சொன்னாள்.

"பெரியம்மா, நெசமா அங்கதான். உங்க பழைய எடத்துல. முன்னங்கால் உள்ள போச்சு, முழுசா. சடக்குனு சத்தம் கேட்டுச்சு. நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

சுராகான் வாய்க்காலைக் குடைந்துகொண்டே இருந்தாள். "மூடுபனியில எடம் தெரியாது கண்ணு. ஓடைக்கு அந்தப் பக்கம் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும்."

அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அடுப்பு ஒரு இழை புகையவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அடுப்பு வெட்டியவளுக்கு மரியாதையாகத் தொடை எலும்பு ஒன்றைத் தனித் தட்டில் வைத்தார்கள். தொடாமல் எழுந்தால் கேள்வி வரும். சுராகான் தின்றாள். எலும்பிலிருந்து கத்தியால் சீவிச் சீவி, எல்லோரும் பார்க்கத் தின்றாள்.

மறுநாள் விடியலில் மூடுபனி விலகுவதற்குள் வறட்டி பொறுக்கப் போவதாகச் சொல்லிச் சாக்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். கம்பளம் நடுவில் கிழிந்து குழிக்குள் தொங்கியது. ஓரத்தில் குளம்பு சீய்த்த தடம். சுவரில் ஒரு கொத்துச் சாம்பல் மயிர். அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வேகவேகமாக வேலை செய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கறுப்பையும் பழுப்பையும் கலந்து தள்ளினாள். அடியில் வெந்த சிவப்பு மண்ணை உடைக்கவில்லை. அடுக்கி வைத்திருந்த பாளங்கள் குளிர்காலத்தில் தண்ணீரில்லாமல் செத்துக் கட்டியாகியிருந்தன. அவற்றை ஓடையில் எறிந்துவிட்டு, பக்கத்திலிருந்த பழைய ஆட்டுப்பட்டியின் ஓரத்தில் புதிதாகப் பாளம் அறுத்து வந்து பொருத்தினாள். கம்பளத்தைச் சாக்கில் போட்டு வந்து தன் கூடாரத்து அடுப்பில் திணித்தாள்.

"என்ன கருகுது?" என்றான் மாம்பெத் கூடாரத்துக்குள்ளிருந்து.

"சட்டி பிடிக்கிற துணி."

"சட்டித் துணியா? ஒரு ஆட்டையே பொசுக்கின நாத்தம் வருது."

அவள் கம்பளத்தை இன்னும் உள்ளே தள்ளினாள். மாம்பெத்தும் மேலே கேட்கவில்லை. முழங்கால் வலிக்காரன், எழுந்து வந்து பார்க்கச் சோம்பல்.

அன்று சாயங்காலமே அது நடந்தது. ஜிபார் தன் புருஷன் எல்தியாரையும் மாமனாரையும் மாமியாரையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள், குழியைக் காட்ட. பெர்மெத் வழியில் சுராகானையும் கூப்பிட்டாள். "நீயும் வாடி. உன் எடம், நீயே கண்ணால பாரு."

ஜிபார் முன்னால் ஓடினாள். நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு அடியாகக் காலால் தட்டிக்கொண்டே சுற்றினாள். தரை எங்கும் பச்சை. எங்கும் உறுதி.

"இங்கதான்... இங்கதான் இருந்துச்சு."

"எங்க?" என்றாள் பெர்மெத்.

"இங்க குழி இருந்துச்சு அத்தை. நேத்து இருந்துச்சு."

எல்தியார் பெண்டாட்டியைப் பார்க்காமல் மலையைப் பார்த்தான். ஒர்மோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சங்கடமான மனிதர். சண்டை பிடிக்காது.

"தங்கச்சி, நீயே சொல்லிடு. இங்க குழி ஏதாவது இருந்துச்சா?"

சுராகானுக்குத் தன் காலடியில் பாளம் லேசாக அமுங்குவது தெரிந்தது. அவள் நின்றது அதன் மேல்தான். ஜிபார் அங்கே வந்துவிடக் கூடாது என்று முதலிலேயே போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, நான் எப்பவாவது அடுப்பைத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கேனா?"

பொய் இல்லை. கேள்வி மட்டும்தான். அது போதுமாயிருந்தது. பெர்மெத் மருமகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "கேட்டுக்கிட்டியா? நட." திரும்பும்போது ஜிபார் சுராகானை ஒருமுறை பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நான்தான் பைத்தியமா என்று கேட்கிற பார்வை.

அதற்குப் பிறகு சுராகான் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் எது நடந்தாலும் காதில் விழுந்தது. சாம்பல் பெட்டையின் குட்டி வேறு பெட்டையிடம் பால் குடிக்க மறுத்தது. ஜிபார் புட்டியில் ஊட்டினாள். அதற்கும் பேச்சு வாங்கினாள். கிமிஸ் புளிக்கவில்லை, அவள் கை. மழை வந்தது, அவள் வந்த நேரம். ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் பெர்மெத் முடிவைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கம்பெனி லாரி கிமிஸ் ஏற்ற வரும். ஜிபார் அதில் அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கட்டும். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஜிபாருக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும்.

மழை விட்ட வெள்ளிக்கிழமை காலை சுராகான் கூடாரக் கதவைத் தூக்கினாள். எதிர்ச் சரிவைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

பாளம் அறுத்து வந்தது ஆட்டுப்பட்டி ஓரம் அல்லவா? வருடக்கணக்கில் ஆட்டுப் புழுக்கை தின்ற புல். மழை கிடைத்ததும் அது மட்டும் கரும்பச்சையாகக் கொழுத்துவிட்டது. வெளிர்பச்சைச் சரிவின் நடுவில், நிறம் மாறிப் போட்ட ஒட்டுத் துணி மாதிரி. அதுமட்டுமா? அவசரத்தில் கலந்து தள்ளிய மண் மழைநீரைக் குடித்துக் குடித்து இறங்கிவிட்டது. தோண்டாத மண்ணில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். கலைத்துப் போட்ட மண்ணில் போனால் உட்கார்ந்துவிடும். ஒரு கை ஆழத்துக்குப் பள்ளம். வட்டமாக ஒரு வயிறு, நீளமாக ஒரு வால். காலை வெயில் சாய்வாக விழுந்தபோது நிழலோடு அச்சாகத் தெரிந்தது. மலையில் இருக்கிற குழந்தைகூட அதைப் பார்த்து அடுப்பு என்று சொல்லும்.

மாம்பெத் பின்னால் வந்து நின்றான். கையில் தேநீர்க் கிண்ணம். அவனும் எதிர்ச் சரிவைப் பார்த்தான். ரொம்ப நேரம் உறிஞ்சினான்.

"சட்டித் துணி" என்றான் கடைசியில்.

சுராகான் திரும்பவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் கிழவி."

"உன்கிட்ட சொல்லி என்ன ஆகும்? அந்தப் பொண்ணுக்குல்ல சொல்லணும்."

"மழைக்குத்தான் யாரும் அந்தப் பக்கம் பார்க்கல. இப்ப போய் மட்டமா மண்ணடிச்சுட்டு வந்துடவா? லாரி கிளம்ப நேரமாகும்."

கேலியாகச் சொல்கிறானா, நிஜமாகவா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொன்னான். அவளைக் காப்பாற்றவேண்டும் என்று நினைத்தான். அவன் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். அதுதான் அவளை அவமானத்தில் அழுத்தியது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ஒர்மோன் கூடாரத்தின் முன் லாரி நின்றிருந்தது. கிமிஸ் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு துணிமூட்டை. மூட்டையின் மேல் ஜிபார்.

"என்ன தங்கச்சி, லாரிக்கு வழி வெட்டப் போறியா?" என்றார் ஒர்மோன்.

"அண்ணே, என்கூட மேல வாங்க. எல்லாரும். பெர்மெத், நீயும். ஜிபார், நீ முதல்ல வா."

"லாரி காத்துட்டு இருக்குடி!"

"இருக்கட்டும். போன வருஷம் லாரிக்குப் பயந்துதான் இத்தனையும்."

யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காகப் பின்னால் ஏறினார்கள். டிரைவரும் வேடிக்கை பார்க்க வந்தான். பாதி வழியிலேயே ஒர்மோன் நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கரும்பச்சை வயிறு, கரும்பச்சை வால்.

"அது... அடுப்பு மாதிரி இல்ல?"

சுராகான் பாளத்தைப் புரட்டினாள். மண்ணை அள்ளிக் கொட்டினாள். கறுப்பு, பழுப்பு, சிவப்பு, எல்லாம் சாணியும் சோறும் பிசைந்த மாதிரி வந்தது. அவள் மூடிய அடுப்பு எப்படி இருக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அடியிலிருந்து அவளே தள்ளிவிட்ட சாம்பல் மயிர்க் கொத்து மேலே வந்தது. குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, ஒர்மோனின் கையில் கொடுத்தாள்.

"போன செப்டம்பர்ல மூடாம போனேன். கம்பளம் போட்டு மறைச்சேன். சாம்பல் இதுலதான் விழுந்துச்சு. மறுநாள் காலையில நான்தான் தூர்த்தேன். இந்தப் பொண்ணு சொன்னது ஒவ்வொண்ணும் நெசம்."

ஒர்மோன் மயிர்க் கொத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நீயா?" என்றார். சற்றுக் கழித்து மறுபடி, "நீயா, தங்கச்சி?"

பெர்மெத் முன்னால் வந்தாள். "அந்தக் கறியை நீயும் தின்னியேடி! எலும்பைச் சீவிச் சீவித் தின்னியே! என் எதுருல உக்காந்து!"

"தின்னேன்."

"நான் உன்கிட்டதானே பொலம்பினேன், இவ காலு ராசியில்லன்னு! மண்ணை வெட்டிக்கிட்டே கேட்டுட்டு இருந்தியே!"

"கேட்டேன்."

"என் செம்பட்டைப் பெட்டையை ஓட்டிட்டுப் போங்க அண்ணே" என்றாள் சுராகான், பெர்மெத்தைப் பார்க்க முடியாமல். "கறவையில இருக்கு. சாம்பல் குட்டியும் அதுகிட்ட சேருதான்னு பார்க்கலாம்."

"குதிரைக்குக் குதிரை சரி" என்றாள் பெர்மெத். "இதுக்கு என்ன குடுப்ப?" கையை மருமகளை நோக்கி நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. கேள்வி தன்னை நோக்கியும் திரும்புகிறது என்று அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. சுராகானுக்கு அது தெரிந்தது. சொல்லிக்காட்ட அவளுக்கு வாய் இல்லை.

எல்லோரும் ஜிபாரைப் பார்த்தார்கள். அவள் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளே கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை போனது. சுவரைத் தடவினாள். அழுவாள் என்று நினைத்தார்கள்.

"இருந்துச்சு" என்றாள். யாரிடமும் இல்லை. பிறகு எழுந்து பாவாடையைத் தட்டினாள். மண் ஒட்டவே இல்லை, உதிர்ந்துவிட்டது. "பெரியம்மா, அன்னைக்கு நீங்க இதோ இங்க நின்னீங்க. நான் சுத்திச் சுத்தித் தட்டினேன். நீங்க மட்டும் நகரவே இல்ல."

"ஆமா கண்ணு."

"நான் சொன்னப்ப யாரும் நம்பல. இப்ப நீங்க சொன்னதும் எல்லாரும் நம்புறாங்க." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும்."

எல்தியார் அவள் பக்கம் ஓர் அடி வைத்தான்.

"டிரைவர் அண்ணே, போலாமா?" என்றாள் ஜிபார்.

"எங்கடி போற?" என்றாள் பெர்மெத். "அதான் எல்லாம் சரியாப் போச்சே!"

"நீங்கதானே அத்தை போகச் சொன்னீங்க? கொஞ்ச நாள் இருந்துட்டு வரச் சொன்னீங்க. இருக்கேன்." மாமனாருக்கும் மாமியாருக்கும் முறைப்படி குனிந்து வணங்கினாள். சுராகானுக்கும் வணங்கினாள். அந்த வணக்கம்தான் சுராகானுக்குத் தாங்கவில்லை. பிறகு சரிவில் இறங்கிப் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

லாரி நகர்ந்தது. பெர்மெத் மகனின் முதுகில் ஒரு அடி வைத்தாள். "நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கிறியே, ஏறேன்டா குதிரையில!" எல்தியார் சேணம் போடாத குதிரையில் தாவி லாரிக்குப் பின்னால் போனான். மாலையில் தனியாகத் திரும்பினான். ஜிபார் பேசினாளா என்று கேட்டதற்கு, "தண்ணி குடுத்தா" என்று மட்டும் சொன்னான்.

அடுப்பை அன்றே சுராகான் மறுபடி முழுக்கத் தோண்டினாள். இந்தமுறை பட்டப்பகலில், அத்தனை கூடாரமும் பார்க்க. கலந்த மண்ணைப் பிரிக்க முடியாது. அதை வாரி ஓடையோரம் கொட்டிவிட்டு, சரிவுக்குக் கீழே ஆறு அறுத்த கரையிலிருந்து கறுப்பு மண்ணும் பழுப்பு மண்ணும் சாக்கில் சுமந்து வந்தாள். மாம்பெத் நொண்டிக்கொண்டே பாதிச் சாக்கு தூக்கினான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் பெர்மெத் சுராகானின் கூடாரத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினாள். மருமகளைத் திரும்பக் கூப்பிட மாமியார்தான் போக வேண்டும், அதுதான் முறை. போய் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜிபாரின் அம்மா கேட்பாள், ஏன் அனுப்பினாய் என்று.

"நீ வர. வந்து நீ முதல்ல சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

"சரி" என்றாள் சுராகான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஒரு தோல்பை கிமிஸோடு, செம்பட்டைப் பெட்டை போன வருடம் ஈன்ற குட்டியை ஜிபாருக்குக் கொடுக்கப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே வண்டியில் கணவாயைத் தாண்டி ஜிபாரின் அம்மா வீட்டுக்குப் போனார்கள்.